டிராக்கில் தடுமாறும் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மஸ்டா காட்டிய எம்எக்ஸ்-5, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனையானது. முன்னால் என்ஜின், பின்சக்கர இழுவை, நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரு கைகள் தாங்கும் சஸ்பென்ஷன்), ஒரு டன்னை ஒட்டிய எடை. 1997 வரை வந்த இந்த முதல் தலைமுறை வண்டி இன்றைக்கும் வாரநாளில் ரோட்டிலும் விடுமுறையில் டிராக்கிலும் ஓடுகிறது. ஆனால் எந்த வண்டியும் இப்போது முப்பது வயதை நெருங்கியதோ தாண்டியதோதான். ரோட்டில் ஒளிந்துகொள்ளும் தேய்மானம் டிராக்கில் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அதை வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் சூடுதான்.

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கோளாறு வருகிறதா, சூடேறிய பிறகா? நேர்ப்பாதையிலா, வளைவிலா? பிரேக் மிதிக்கும்போதா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா? அப்போது டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? கீழே சொல்லியிருக்கும் சோதனைகளில் பாதிக்கு மேல் இந்தப் பதில்களிலேயே முடிந்துவிடும். வண்டிக்கு அடியில் போகும் எந்த வேலைக்கும் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

வெப்ப முள் ஏறுகிறது

முதலில் எப்போது ஏறுகிறது என்று பிரியுங்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் சந்தேகம் மின்விசிறியில். பானெட்டைத் திறந்தால் மூடியில் டயக்னோசிஸ் என்று எழுதிய சிறிய கருப்புப் பெட்டி இருக்கும். இக்னிஷனை ஆன் செய்து, அதில் டிஎஃப்ஏ முனையையும் ஜிஎன்டி முனையையும் ஒரு சிறு ஒயரால் இணைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் நலம். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் உள்ள வெப்ப சுவிட்சோ அதன் ஒயரோதான் போயிருக்கிறது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

வேகமாக ஓடும்போது ஏறி, மெதுவாகப் போனால் இறங்குகிறதா? ஃபேனுக்கு இதில் வேலையே இல்லை. அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குள் காற்று தானாகவே நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது முன்பம்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் அடித்தட்டு. முன் சொந்தக்காரர் யாரோ ஆயில் மாற்றக் கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். அந்தத் தட்டு இல்லாவிட்டால் பம்பர் வாய்க்குள் வரும் காற்று ரேடியேட்டரைத் துளைத்துப் போகாமல் அதற்கு அடியிலேயே வழுக்கி வெளியேறிவிடும். புது ரேடியேட்டர் வாங்கும் முன் இந்தத் தட்டை வாங்குங்கள். பம்பர் வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், பக்கவாட்டிலும் மேலேயும் உள்ள இடைவெளிகளை நுரைப்பட்டையாலும் மெல்லிய அலுமினியத் தகட்டாலும் அடைத்துவிடுங்கள். காசு குறைவு, பலன் அதிகம்.

அடுத்தது ரேடியேட்டர். ஒரிஜினலின் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கருப்பு, வெந்து வெந்து பழுப்பாகி, பச்சை கலந்த மண் நிறத்துக்கு வந்துவிட்டால் வெடிக்கும் நாள் தூரத்தில் இல்லை. அந்த நிறத்தோடு டிராக்குக்குப் போகாதீர்கள். மாற்றும்போது தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ்கள், மூடி ஆகியவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குப் பின்னால் ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்களைப் பலரும் மறந்துவிடுவார்கள். கை நுழையாத இடம் என்பதால் முப்பது ஆண்டாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அது கிழிந்தால் ஒரே சுற்றில் கூலன்ட் முழுவதும் போய்விடும்.

கூலன்ட் மொத்தம் 6 லிட்டர். நிரப்பும்போது வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச்சூட்டில் வையுங்கள். மூடி இல்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை குமிழி வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டே ஊற்றுங்கள். எத்தனை முறை காற்று எடுத்தும் குமிழி நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். கூலன்ட்டில் புகைவாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் சோதிக்கும் கருவி விலை அதிகமில்லை. ஹெட்டைக் கழற்றும் முன் அதைச் செய்யுங்கள். சில டிராக்குகளில் கிளைக்கால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) கலந்த கூலன்ட்டுக்கு அனுமதி இல்லை, சிந்தினால் தார் வழுக்கும் என்பதால். அங்கே வடிநீரும் துருத்தடுப்புத் திரவமும் மட்டும். குளிர்நாட்டில் வசிப்பவர்கள் பனிக்காலத்துக்கு முன் மறக்காமல் திரும்ப மாற்ற வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நீண்ட ஓட்டத்தில் ஏறுகிறது என்றால் அது இந்த என்ஜினின் பிறவிக் குணம். இது முன்சக்கர இழுவை ஃபெமிலியா காருக்காகக் குறுக்காக வைக்கத் தயாரான என்ஜின் குடும்பம். எம்எக்ஸ்-5-க்காக நெடுக்காகத் திருப்பியபோது, கூலன்ட் வெளியேறும் வாயை ரேடியேட்டர் பக்கம், அதாவது முன்பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். தண்ணீர் பம்பும் முன்னால்தான். ஆகவே கூலன்ட்டின் பெரும்பகுதி முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது. கடைசியில், பின்னால் இருக்கும் நான்காம் சிலிண்டர் பக்கம் ஹீட்டர் வழியாகப் போகும் சிறு ஓட்டம் மட்டுமே. ரோட்டுக்கு இது போதும். டிராக்கில் பின் சிலிண்டர்கள் முன் சிலிண்டர்களைவிடச் சூடாக ஓடும். ரீரூட் கிட் (கூலன்ட் பாதையை மாற்றும் பாகங்கள்) இதைத்தான் சரிசெய்கிறது. தெர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்முனைக்கு மாற்றி, முன்வாயைத் தகட்டால் மூடி, பின்னாலிருந்து ரேடியேட்டர் மேல்தொட்டிக்கு நீண்ட ஹோஸ் இழுப்பார்கள். டர்போ வைக்க எண்ணம் இருந்தால் ரீரூட் முதலில், டர்போ பிறகு. ஹீட்டரை அகற்றிவிட்டு அதன் இரு ஹோஸ்களையும் அடைத்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ரீரூட் இல்லாத என்ஜினில் அப்படிச் செய்தால் பின் சிலிண்டர்களுக்கு இருந்த ஒரே ஓட்டத்தையும் நிறுத்தியதாகும். அடைக்காதீர்கள், இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள்.

டாஷ்போர்டு வெப்ப முள்ளை டிராக்கில் நம்பக் கூடாது. அது அசைந்து மேலே போகும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும். எண் காட்டும் தனி மீட்டர் ஒன்று வையுங்கள். தெர்மோஸ்டாட் 88 டிகிரியை ஒட்டித் திறக்கும். 105-ஐத் தொட்டால் வேகத்தைக் குறையுங்கள், 110-ல் டிராக்கை விட்டு பிட்டுக்குள் வந்துவிடுங்கள். வந்ததும் என்ஜினை அணைக்காதீர்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, பிறகு இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

பிரேக் பெடல் மாறுகிறது

இங்கே காலில் தெரியும் உணர்வுதான் நோயைச் சொல்லும். மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் வகை: பெடல் பஞ்சு மாதிரி ஆழமாகப் போகிறது, பம்ப் அடித்தால் சற்று மேலே வருகிறது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும் தன்மை கொண்டது. புதிய டாட் 4 ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அதே தரத்தில் 155 போதும். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் விபத்து இருக்கிறது. டிராக்குக்குப் போகும் முன் புது ஆயில், ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு மாற்றம். கொதிநிலை 300-க்கு மேல் உள்ள ரேஸ் ஆயில்கள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் வாருங்கள், தொட்டியில் ஆயில் அடிமட்டத்துக்கு இறங்கவிடாதீர்கள். ஒருமுறை கொதித்த ஆயில் ஆறியபின் பெடல் சரியானது போலத் தோன்றும். அதை நம்பி அடுத்த ஓட்டத்துக்குப் போகக் கூடாது. நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்த பிறகே போக வேண்டும்.

இரண்டாம் வகை: பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. ஆயில் நலம், பேட்தான் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. ரோட்டு பேட்டுக்கு டிராக் வேலை தெரியாது. டிராக் பேட்டுக்கு மாறுங்கள். குளிரில் கிறீச்சிடும், தூசி அதிகம் கொட்டும், காலையில் முதல் இரண்டு பிரேக்கில் பிடிப்பு குறைவாக இருக்கும், இதையெல்லாம் ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். பேட் பாதி தேய்ந்ததும் டிராக்குக்கு அது முடிந்தது என்று வையுங்கள். மெலிந்த பேட் வழியாகச் சூடு நேரே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் ஏறும். அதாவது இரண்டாம் வகையைக் கவனிக்காமல் விட்டால் முதல் வகை வந்து சேரும்.

மூன்றாம் வகை: வளைவு முடிந்த பிறகு முதல் மிதியில் மட்டும் பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டாம் மிதியில் சரியாகிறது. ஆயிலைக் குற்றம் சொல்லாதீர்கள். முன் வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது. வளைவில் டிஸ்க் சாய்ந்து பேட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒட்டும் டயர் போட்ட வண்டிகளில் முன் ஹப் சீக்கிரம் தேயும். ஹப்போடு சேர்த்து மாற்றுவதுதான் வழி. நட்டு 29 மி.மீ, 167 முதல் 216 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கி, நட்டின் விளிம்பைத் தட்டி மடக்க வேண்டும். பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

புது பேட் போட்டதும் பதமாக்காமல் டிராக்கில் இறங்கினால் பேட் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு, பிரேக் போடும்போது ஸ்டீயரிங் நடுங்கும். பலரும் டிஸ்க் வளைந்துவிட்டது என்று நினைத்து மாற்றுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இந்தத் திட்டுதான். ஆளில்லாத சாலையில் 100 கி.மீ வேகத்திலிருந்து 30-க்கு எட்டு முதல் பத்து முறை அழுத்தமாகக் குறையுங்கள், எங்கும் முழுவதுமாக நிறுத்தாமல். பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு வந்து நின்று ஹேண்ட்பிரேக் இழுப்பது அடுத்த திட்டுக்கு அடிகோலும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை, பெடலும் கொஞ்சம் நீளம் என்றால் பின் காலிப்பரை (பேட்டால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) சரிசெய்ய வேண்டும். இதை அறியாத மெக்கானிக்குகள் கேபிளை இழுத்து இறுக்கிவிடுவார்கள்; கோளாறு அப்படியே இருக்கும். காலிப்பரின் பின்புறம் ஒரு மூடி போல்ட் உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ அலன் கீ நுழையும். வலப்பக்கம் திருப்பினால் பேட் டிஸ்க்கைக் கவ்வும். கவ்வியதும் மூன்றில் ஒரு சுற்று பின்னுக்குத் தளர்த்துங்கள். பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே இழுப்பதும் இதே கீயால், இடப்பக்கம் திருப்பித்தான். சி-கிளாம்ப் வைத்து நெரித்தால் உள்ளே இருக்கும் பொறி உடையும். சரிசெய்த பிறகு ஹேண்ட்பிரேக் 5 முதல் 7 கிளிக்கில் பிடிக்க வேண்டும்.

பெரிய பிரேக் தேவையா? 1.6 லிட்டர் என்ஜின் வண்டியின் முன் டிஸ்க் 235 மி.மீ, 1.8 லிட்டரில் 255. ஒரிஜினல் எடையும் ஒரிஜினல் சக்தியும் உள்ள 1.6-க்கு நல்ல பேட்டும் நல்ல ஆயிலும் போதும். டயர் பிடிப்பும் சக்தியும் கூடினால் 1.8-ன் டிஸ்க், காலிப்பர் தாங்கியோடு மாற்றலாம், நேராகப் பொருந்தும். முன்னால் மட்டும் மாற்றிப் பின்னால் விட்டால் முன்பக்கமே எல்லா வேலையும் செய்யும். நான்கையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

வளைவில் என்ஜின் விக்குகிறது

நீண்ட வளைவின் நடுவிலோ முடிவிலோ மட்டும் விக்கி, நேரானதும் தெளிந்தால் பெட்ரோல் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவதால் வருவது இது. ஜப்பானின் சுகுபா டிராக்கின் கடைசி வளைவு போல வெகுநேரம் ஒரே பக்கம் சாய்த்து வைக்கும் இடங்களில் சீக்கிரம் தெரியும். டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்படி வைத்து அதே வளைவை ஓட்டிப் பாருங்கள். விக்கல் மறைந்தால் கோளாறு எதுவும் இல்லை. அரை டேங்குக்குக் கீழே ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

நேர்ப்பாதையில், அதிலும் குறைந்த சுற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இடறினால் பிளக் லீட் ஒயர்தான் முதல் சந்தேகம். இந்த வண்டி லீட் ஒயரைத் தின்னும். ஒயரின் மின்தடை ஒரு மீட்டருக்கு 16 கிலோ ஓம் என்பது அளவு. அதை மிகவும் தாண்டினால் மாற்றுங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து ஒயர் மீது தண்ணீர் தெளித்து ஓடவிட்டால் கசியும் மின்பொறி கண்ணுக்கே தெரியும். பிளக் என்ஜிகே பிகேஆர்6இ-11, இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ.

எந்த சிலிண்டர் என்று பிரித்தால் காரணமும் பிரியும். பிளக்குக்கு மின்சாரம் தரும் இதன் காயில்கள் ஜோடியாக வேலை செய்கின்றன: 1-ம் 4-ம் ஒரு காயில், 2-ம் 3-ம் இன்னொன்று. ஐடிலில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் மின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கழற்றியும் என்ஜின் ஓட்டம் மாறாவிட்டால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்திருக்கிறது. 1-ம் 4-ம் சேர்ந்து செத்தால் காயில். ஒன்று மட்டும் என்றால் லீட், பிளக், இன்ஜெக்டர் என்ற வரிசை. மூன்றும் நலமென்றால் கம்ப்ரஷன் எடுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் 2 பாருக்குள் இருக்க வேண்டும். தனித்தனி எண்ணைவிட இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

ஸ்டார்ட் ஆகி உடனே அணைகிறது

1.6 வண்டியில் காற்றை அளக்கும் மீட்டருக்குள் ஒரு கதவு இருக்கிறது. காற்று அதைத் தள்ளித் திறக்கும்போதுதான் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகும். மீட்டருக்கும் திராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸ் கிழிந்தால் காற்று கதவைச் சுற்றிப் போய்விடும், பம்ப் நின்றுவிடும். ஹோஸின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். கிழிசல் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். டயக்னோசிஸ் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி இரண்டையும் இணைத்து இக்னிஷனைப் போட்டால் பம்ப் தொடர்ந்து ஓடும். அந்த நிலையில் என்ஜின் நிற்காமல் ஓடினால் பம்ப் நலம், கோளாறு காற்றுப் பாதையில்.

அதே பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி இணைத்தால் சேமித்த பிழை எண்கள் என்ஜின் விளக்கில் மின்னும். நீண்ட மின்னல் பத்து, குறுமின்னல் ஒன்று. 2-ம் 3-ம் பின்புற கேம் சென்சார் (கேம் தண்டு சுழலும் நிலையைச் சொல்வது) தரும் சிக்னல்கள், 8 காற்று மீட்டர், 9 கூலன்ட் வெப்ப சென்சார், 12 திராட்டில் சென்சார், 15-ம் 17-ம் ஆக்சிஜன் சென்சார் தொடர்பு. ஜப்பான், பிரிட்டன் வண்டிகள் பலவற்றில் அந்த விளக்கே இல்லை. 12 வோல்ட் எல்இடி ஒன்றின் பாசிட்டிவ் காலை பி+ முனையிலும் மறு காலை எஃப்இஎன் முனையிலும் செருகினால் போதும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பிரேக்கை ஒருமுறை மிதித்து நினைவை அழியுங்கள். திரும்பி வரும் எண் மட்டும்தான் உண்மையான கோளாறு.

பிக்கப் மெல்ல மெல்லக் குறைகிறது, முன்கப்பி ஆடுகிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்திலிருந்து 1991-ன் ஒரு பகுதி வரை வந்த 1.6 என்ஜின்களின் கிராங்க் மூக்கு (கப்பி பொருந்தும் கிராங்க் தண்டின் முன்முனை) குட்டையானது. கிராங்க் கப்பியின் முகத்தைப் பாருங்கள்: நான்கு பிளவு என்றால் குட்டை மூக்கு, எட்டு என்றால் நீள மூக்கு. குட்டை மூக்கில் போல்ட் தளர்ந்தால் சாவிப்பள்ளம் (கப்பியைத் தண்டோடு பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) தேய்ந்து, டைமிங் தானாகப் பின்வாங்கிக்கொண்டே போகும். என்ஜின் ஓடும்போது கப்பியை முன்னாலிருந்து பாருங்கள், சிறிய ஆட்டம்கூடக் கூடாது. தேய்மானம் சிறிது என்றால், கழற்றிச் சுத்தம் செய்து, லாக்டைட் 660 பசை வைத்துப் புதுச் சாவியோடு ஒட்டுவது பலருக்கும் பல ஆண்டு நின்ற வைத்தியம். பள்ளம் பெரிதாகிவிட்டால் எட்டுப் பிளவு என்ஜின் ஒன்றைத் தேடுவதுதான் நியாயம். வண்டி வாங்கப் போகும்போதே இந்தப் பிளவுகளை எண்ணிவிடுங்கள்.

டைமிங் பற்றி இன்னொன்று. ஒரிஜினல் அளவு டிடிசிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலை) முன் 10 டிகிரி, ஐடில் 850 சுற்று. டிஇஎன், ஜிஎன்டி இணைத்து, பின்னால் உள்ள கேம் சென்சாரின் 12 மி.மீ போல்ட்டைத் தளர்த்தி 14-க்கு நகர்த்தினால் பிக்கப் கூடும். ஆக்டேன் கூடிய பெட்ரோல் அதற்குத் தேவை. கணகணவென்று நாக் (கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தம்) கேட்டால் உடனே 12-க்கு இறக்குங்கள். டர்போ வண்டியில் இதைச் செய்யவே கூடாது.

டிக் டிக் சத்தம், ஆயில் கசிவு, நீலப்புகை

மேலே டாப்பெட் சத்தம் காலையில் வந்து சூடானதும் போனால் ஹைட்ராலிக் லிஃப்டருக்கு ஆயில் ஏறத் தாமதமாகிறது. ஆயில் அளவைப் பாருங்கள், பழசானால் மாற்றுங்கள். என்ஜினுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. சூடான பிறகும் விடாமல் அடித்தால் லிஃப்டரைக் கழற்றிக் கழுவவோ மாற்றவோ வேண்டும். கீழிருந்து வரும் கனத்த தட்டல் வேறு விஷயம். அது பேரிங், என்ஜினை அணைத்து, வண்டியை டிரெய்லரில் ஏற்றுங்கள்.

கியர்பாக்ஸும் என்ஜினும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் பின் ஆயில் சீல் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். அதற்கு முன் ஹெட்டின் பின்னால் உள்ள கேம் சென்சாரைத் தடவிப் பாருங்கள். அதன் ஓ-ரிங் காய்ந்து கசிந்தால் ஆயில் அதே இடத்துக்குத்தான் வழியும். சில ரூபாய் ரப்பர் வளையம். கழற்றும் முன் சென்சார் நிற்கும் இடத்தைக் கோடு கிழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டைமிங் மாறிவிடும். அந்த ஆயில் கீழே ஹீட்டர் ஹோஸையும் ஊறவைத்துக் கெடுக்கும்.

நீலப்புகை நீண்ட இறக்கத்துக்குப் பிறகு ஆக்சிலரேட்டர் தொடும்போது வந்தால் வால்வு சீல். முழு மிதியில் தொடர்ந்து வந்தால் ரிங். டிராக்கில் மட்டும், வளைவுக்குப் பிறகு மட்டும் என்றால் வால்வு மூடியிலிருந்து ஆயில் மூச்சுக்குழாய் வழியாக இன்டேக்குக்குள் போகிறது. மூச்சுக்குழாயில் இருக்கும் பிசிவி வால்வை மாற்றி, உள்தடுப்பு உள்ள கேட்ச் கேன் (அந்த ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா) ஒன்றை வையுங்கள்.

ஆயில் எப்போதும் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டில் இருக்கட்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பாருங்கள். சூடான நிலையில் 3000 சுற்றில் 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்க வேண்டும். 1995-க்குப் பிந்திய வண்டிகளின் ஆயில் அழுத்த முள் வெறும் சுவிட்சைப் பார்த்து நடுவில் நிற்கும், உண்மை அளவைக் காட்டாது. அவற்றுக்குத் தனி மீட்டர் தேவை.

கியர் விழவில்லை

ரிவர்ஸில் கறகறவென்றால், முதல் கியர் முரண்டுபிடித்தால், கிளட்ச் தட்டை விடுங்கள். கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் வெளியே, இரண்டு 12 மி.மீ போல்ட்டில் நிற்கிறது. ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே ஆயில் ஈரம் தெரியும். தொட்டி ஆயில் கறுத்திருந்தாலும் அதே கதை. ஸ்லேவ் மாற்றிய சில மாதத்தில் மாஸ்டரும் போவது வழக்கம் என்பதால் இரண்டையும் ஹோஸையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

காலையில் இரண்டாம் கியர் மட்டும் முரடாக இருந்து, சூடானதும் சரியானால் அது இந்த கியர்பாக்ஸின் இயல்பு. 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஆயில் 2 லிட்டர் மாற்றினால் குறையும். நிரப்பும் திருகை முதலில் கழற்றுங்கள். வடித்துவிட்ட பிறகு நிரப்பும் திருகு அசையவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கியர் லீவருக்கு அடியில் தனியாக ஒரு ஆயில் குழி இருக்கிறது, 90 மி.லி அளவு. அது காய்ந்தால் லீவர் மரக்கட்டை மாதிரி ஆகும். அங்கே உள்ள ரப்பர் உறைகள் கிழிந்தால் கேபினுக்குள் சூடும் சத்தமும் ஏறும்.

ஸ்டீயரிங் நடுக்கம், வளைய மறுத்தல், பின்பக்கம் வழுக்கல்

100 கி.மீ வேகத்தை ஒட்டி மட்டும் நடுங்கினால் வீல் பேலன்சிங். வேறு ரிம் போட்டிருந்தால் நடு ஓட்டையைப் பாருங்கள், ஹப் 54.1 மி.மீ, ரிம்மின் ஓட்டை பெரிதென்றால் வளையம் போட்டு நிரப்புங்கள். வீல் நட்டு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். டிராக்கில் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள்.

முன்பக்கம் வளைய மறுத்தால் டயர் காற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரிஜினல் 185/60 ஆர்14 டயருக்குக் குளிரில் 26 பிஎஸ்ஐ. டிராக்கில் சில சுற்றிலேயே 5 பிஎஸ்ஐக்கு மேல் ஏறும். ஆகவே முக்கியம் சூடான அளவு. நான்கிலும் 30 முதல் 32-க்குள் நிறுத்தி, அங்கிருந்து முன்னால் பின்னால் ஒன்றிரண்டு கூட்டிக் குறையுங்கள். டயரின் வெளித்தோள் மட்டும் தேய்ந்தால் கேம்பர் (சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே சாயும் கோணம்) போதவில்லை.

அலைன்மென்ட்டில், ரோட்டும் டிராக்கும் கலந்த வண்டிக்கு முன் கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி, பின் கேம்பர் மைனஸ் 1.5, காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) 5 டிகிரி, முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின்பக்கம் மொத்தம் 2 முதல் 3 மி.மீ டோ-இன், அதாவது உள்நோக்கி. பின்பக்கம் டோ-அவுட்டாக இருந்தால் பிரேக் போட்டுக்கொண்டே வளையும்போது வண்டி பின்னால் சுழலப் பார்க்கும். அது ஓட்டுநரின் பிழை என்று தோன்றும், இரண்டு மில்லிமீட்டர் பிழையாகவும் இருக்கலாம். அலைன்மென்ட் செய்யும்போது உங்கள் எடைக்குச் சமமான பாரத்தை ஓட்டுநர் இருக்கையில் வையுங்கள். சரிசெய்யும் போல்ட்டுகள் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், இரண்டு நாள் முன்பிருந்தே துரு எண்ணெய் அடித்து வையுங்கள்.

மேடு ஏறும்போது வண்டி குதித்துப் பிடிப்பை விட்டால் உயரம் மிகவும் குறைந்து, ஷாக் அப்சார்பர் ரப்பர் தடுப்பின் மேல் ஓடுகிறது. சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கி வைத்து முறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியபடி நின்று சீக்கிரம் கிழியும்.

மேம்படுத்தும் வரிசை

முதலில் வண்டி புதிதில் இருந்த நிலைக்கு வரட்டும்: பெல்ட், தண்ணீர் பம்ப், ஹோஸ், புஷ், பேரிங், ஆயில்கள். டைமிங் பெல்ட் 1,00,000 கி.மீ, வயது தெரியாத பெல்ட்டை முடிந்துபோனது என்று கொள்ளுங்கள். அடுத்து பேட், பிரேக் ஆயில், நல்ல டயர். 15 அங்குல ரிம்மில் 195/50 அளவு டயருக்குத் தேர்வு அதிகம், எடையும் கூடாது. மூன்றாவது ரோல் பார். இது கூரையில்லாத வண்டி, முன்கண்ணாடிச் சட்டம் கவிழும்போது தாங்காது. ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து, பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேர்க்கோல் வைத்தால் ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கையை இறக்குங்கள். நான்காவது ரேடியேட்டரும் ரீரூட்டும். ஐந்தாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும், மலிவான கிட்டைவிட நல்ல ஒரிஜினல் தரமே மேல்.

சக்தி கடைசியில். திறந்த கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். வெளிக்காற்றுக்குக் குழாய் வைக்காமல் போடாதீர்கள். டர்போ என்றால் தனி ஈசியு (என்ஜின் கணினி), கலவையின் அளவைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் மீட்டர், பெரிய இன்ஜெக்டர், கனமான கிளட்ச் ஆகியவை கணக்கில் சேர வேண்டும். ஒரிஜினல் காற்று மீட்டரும் ஈசியுவும் பூஸ்ட்டுக்கு (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) தேவையான பெட்ரோலைக் கொடுக்காது. கலவை மெலிந்து நாக் வந்தால் பிஸ்டன் ரிங் இடைச்சுவர் உடையும். பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் 1.6-ன் சிறிய டிஃபரன்ஷியலும் கூடுதல் டார்க்கைத் தாங்காது. 1994 முதல் 1.8 வண்டிகளில் வந்த 7 அங்குல டிஃபரன்ஷியலை அதன் ஆக்சில், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு மாற்றிக்கொண்ட பிறகே பூஸ்ட்டை ஏற்றுங்கள். அதன் ஆயில் 1 லிட்டர், ஜிஎல்-5. கியர்பாக்ஸ் ஆயிலோடு குப்பியை மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.